வேலை நிமித்தம் பிராக் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் கம்பெனிக்குச் செக் குடியரசில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. அந்தப் புண்ணியத்தில் ஆறு வருஷத்தில் ஏழு முறை அதன் தலைநகர் பிராக் போய் வந்துவிட்டேன். ஒரு முறைகூட ஐந்து நாளுக்கு மேல் தங்கியதில்லை. ஆபீஸில் அடுத்து யார் கிளம்பினாலும் என் மேஜைக்கு வந்து இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன்.

மூன்று நாளும் மீட்டிங். இதில் ஊர் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

காலையில் இருக்கிறது. பலர் மீட்டிங் முடிந்த மாலை நேரத்தை நம்பி இருப்பார்கள். மாலையில் களைப்பு, வாடிக்கையாளரோடு சாப்பாடு, ஊரிலிருந்து வரும் போன் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தைத் தின்றுவிடும். தவிர, பகல் பதினொரு மணியிலிருந்து இரவு வரை பழைய நகரம் முழுக்கத் திருவிழாக் கூட்டம்தான்.

நமக்கு ஒரு வசதி உண்டு. கோடையில் பிராக் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். நம் ஊரில் காலை எட்டு மணிக்கு எழுகிறவருக்குக்கூட அங்கே நாலரை மணிக்கே முழிப்பு வந்துவிடும். முதல் இரண்டு நாள் தூக்கமும் வராது. படுக்கையில் புரண்டு போனை நோண்டாமல் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினால் குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணி மீட்டிங்குக்குப் போய்விடலாம். மூன்று நாளில் ஆறு மணி நேரம். சுற்றுலா பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்குக் கிடைக்காத ஆறு மணி நேரம்!

டிசம்பரில் இந்தக் கணக்கு செல்லாது. எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அந்த ஊர் இன்னும் அழகு. குளிரைத் தாங்கினால் போதும்.

பிசினஸ் விசாவில் போய் ஊர் சுற்றலாமா? இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாமா?

தாராளமாக. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் வட்டத்தில் செக் குடியரசு 2007 டிசம்பரிலிருந்து இருக்கிறது. குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் மொத்தம் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் உங்கள் விசாவில் எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. எனவே விண்ணப்பிக்கும்போதே கூடுதல் நாட்களையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த நாட்களுக்கான ஹோட்டல் புக்கிங்கும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தேதி தவறாமல் இருக்க வேண்டும். காப்பீடு மீட்டிங் முடியும் நாளோடு நின்றுபோய், திரும்பும் தேதி இரண்டு நாள் தள்ளி இருந்தால் விண்ணப்பம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பு என்பது விதி, ஆனால் கோடையில் அதை நம்பாதீர்கள். கடந்த மூன்று வருஷத்தில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், இந்தியர்களுக்கு இரண்டு வருஷ விசா தரும் நடைமுறை 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. பழைய விசா பக்கங்களின் நகலை மறக்காமல் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மீட்டிங், கருத்தரங்கு, பேச்சுவார்த்தை என்றால் இந்த விசா சரி. அங்கே போய் இயந்திரத்தில் கை வைத்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் அது வேறு அனுமதி. அதைக் கம்பெனியின் சட்டப் பிரிவிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறுகிற விமானம் ஒன்றரை மணி நேர இடைவெளியில் கிடைக்கிறது. எடுக்கலாமா?

நான் எடுக்க மாட்டேன். ஷெங்கன் வட்டத்துக்குள் நீங்கள் கால் வைக்கும் முதல் இடம் ஃபிராங்க்ஃபர்ட், அதனால் இமிக்ரேஷன் அங்கேதான். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்கு நேரம் பிடிக்கும். வளைகுடா வழியாகப் போனால் இமிக்ரேஷன் பிராகில்தான், அங்கே வரிசை நகர்ந்தாலும் நகராவிட்டாலும் தவறவிட அடுத்த விமானம் கிடையாது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

59ஆம் எண் டிராலிபஸ். மேலே மின்கம்பி பிடித்து ஓடும், ரயில் பெட்டி மாதிரி நீளமான வண்டி. நாட்ரஷி வெலெஸ்லாவீன் என்ற மெட்ரோ நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் பழைய நகரத்துக்குப் பதினைந்து நிமிஷத்துக்குள் போய்விடலாம். பெரிய பெட்டி இருந்தால், அல்லது இரவு வெகு நேரம் ஆகிவிட்டால், ஆப்பில் டாக்ஸி பிடியுங்கள்.

ஹோட்டல் பழைய நகரத்துக்குள்ளேயே போடலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே தெரு முழுக்கக் கருங்கல் பாவியது. சக்கரம் வைத்த பெட்டியை முந்நூறு மீட்டர் இழுத்தால் கைமூட்டு கழன்றுவிடும். இரவு இரண்டு மணி வரை ஜன்னலுக்குக் கீழே யாராவது பாடிக்கொண்டும் இருப்பார்கள்.

முதலில் உங்கள் ஆபீஸ் எங்கே என்று பாருங்கள். மெட்ரோ மூன்றே வழித்தடம்: பச்சை ஏ, மஞ்சள் பி, சிவப்பு சி. கம்பெனிகள் நிறைய இருக்கிற பாங்க்ராட்ஸும் ஹோடோவும் சிவப்பில் வரும். கார்லீன், ஸ்மீஹோவ், நோவே புடோவிட்ஸெ மஞ்சளில் வரும். அதே வழித்தடத்தில் ஊர் நடுவுக்குப் பக்கமாக ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்குப் பிடித்தது வினோஹ்ராடி பகுதியில் நாமியெஸ்டி மீரு பக்கம். குடியிருப்புப் பகுதி, மரங்கள், பேக்கரி, இரவில் அமைதி. அந்த நிலையத்தின் எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம். ஏறிக்கொண்டே வாட்ஸ்அப் பார்த்து முடித்துவிடலாம்.

யூரோ கொண்டு போனால் போதுமா?

போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் செக் நாட்டில் நாணயம் கொருனா. ஒரு கொருனா ஏறத்தாழ நாலு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு யூரோவுக்கு இருபத்தைந்து கொருனா அளவில் வரும். சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் அவர்கள் போடும் விலை அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

என் முதல் பயணக் கதையைச் சொல்கிறேன். சுற்றுலாப் பயணிகள் போகும் ஒரு தெருவில் பணம் மாற்றும் கடை. வாசலில் ‘கமிஷன் 0%’ என்று ஆள் உயரப் பலகை, அதில் நல்ல விலை. நூறு யூரோ நீட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டுகளைத் தள்ளினார். தெருவில் நின்று எண்ணினால் 1,900 சொச்சம்! பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது அவர்கள் விற்கும் விலை. வாங்கும் விலை கீழே எறும்பு எழுத்தில் இருந்தது. ஆபீஸில் புலம்பியபோது செக் நண்பர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எப்போது மாற்றினாய்? ரசீது இருக்கிறதா? ஓடு” என்றார். 2019 முதல் அங்கே ஒரு சட்டம் உண்டு: ஆயிரம் யூரோ வரைக்குமான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். போனேன். முகத்தைச் சுளித்தபடி நூறு யூரோவைத் திருப்பிக் கொடுத்தார்.

அதனால் கார்டையே பயன்படுத்துங்கள். டீக்கடை அளவு கடையிலும் கார்டு வாங்குவார்கள். ஏடிஎம்மிலோ கார்டு மெஷினிலோ “ரூபாயில் கழிக்கட்டுமா, கொருனாவிலா” என்று கேட்டால் எப்போதும் கொருனா. தெருவில் யாராவது அருகில் வந்து நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள். வேறு நாட்டின் மதிப்பற்ற நோட்டுகளைத் தலையில் கட்டிவிடுவது அங்கே பழைய தொழில்.

டிராமில் டிக்கெட் எடுப்பது சிரமமா?

எடுப்பது சுலபம். டிராமுக்குள்ளேயே கார்டு தட்டும் மெஷின் இருக்கிறது, ஆப்பும் இருக்கிறது. நிலையத்தில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் ஒரு வேலை பாக்கி: மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. நான் புத்தம் புது டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அபராதம் கட்டியவன். சாதாரண உடையில் பக்கத்தில் நின்ற ஒருவர் உள்ளங்கையைத் திறந்து ஒரு வில்லையைக் காட்டினார், அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை.

கதவு மூடும் முன் மெட்ரோவில் ஒரு அறிவிப்பு வரும்: “உகோன்செத்தே ப்ரோசீம் வீஸ்துப் அ நாஸ்துப், த்வெர்ஷே செ ஸவீராயீ”. இறங்கி ஏறி முடியுங்கள், கதவு மூடுகிறது என்று அர்த்தம். மூன்றாவது நாள் நீங்களே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நள்ளிரவுக்குப் பிறகு மெட்ரோ கிடையாது, 91 முதல் 99 வரை எண் போட்ட இரவு டிராம்கள் ஓடும்.

சார்லஸ் பாலம் உண்மையிலேயே அவ்வளவு சிறப்பா?

பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் ரங்கநாதன் தெரு. விடியற்காலை போனால் என்ன சிறப்பு என்று புரியும்.

ஒரு மே மாதக் காலை. மணி ஐந்தே முக்கால். பழைய நகரப் பக்கக் கோபுரத்தின் வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்தால் எதிரே அரை கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் கல். இரண்டு பக்கமும் சிலைகள், கீழே வல்டாவா ஆற்றில் லேசான மூட்டம். மேலே கோட்டையின் ஜன்னல்களில் மட்டும் வெயில் பட்டிருந்தது. ஒரு புதுமணத் தம்பதியும் போட்டோகிராபரும் இருந்தார்கள், அந்தப் பெண் கவுனுக்கு மேலே கணவனின் கோட்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு துப்புரவு வண்டி, அப்புறம் நான். கடற்காகம் ஒன்று ஒரு துறவியின் தலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

முன்பு அங்கே இருந்த பாலத்தை 1342 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நாலாம் சார்லஸ் மன்னர் 1357இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். சோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் ஜூலை 9, காலை 5:31 என்று அங்கே சொல்வார்கள். வருஷம் 1357, தேதி 9, மாதம் 7, நேரம் 5:31. வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. கதைதான், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடித்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை கலந்தார்கள் என்று இன்னொரு கதை உண்டு. நாடெங்கும் இருந்து முட்டை அனுப்பச் சொன்னார்களாம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்களாம்! கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து சுண்ணாம்பு அரைத்த ஊரிலிருந்து போகிற நமக்கு முட்டை ஒன்றும் அதிசயமில்லை.

முப்பது சிலைகளில் மூத்தது நெபோமுக் ஊர் யோவான் என்ற பாதிரியாருடையது, 1683இல் வைத்தது. 1393இல் மன்னரின் ஆணைப்படி அவரை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். ராணி பாவமன்னிப்பில் சொன்னதை மன்னரிடம் சொல்ல மறுத்தார் என்பது மக்கள் சொல்லும் காரணம். பீடத்தில் இருக்கும் வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது என்று நம்பிக்கை. தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் தங்கம் போல மின்னுகிறது. நானும் தொட்டேன். அந்த வருஷம் சம்பள உயர்வு வந்தது, காரணம் தெரியாது.

வானியல் கடிகாரத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், ஜன்னலில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் ஊர்வலம் வருவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஐந்நூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள், அவர்களுக்குள் ஜேப்படிக்காரர்களும் இருப்பார்கள்.

ஆளில்லாத காலையில் போய்க் கடிகார முகத்தை நிதானமாகப் பாருங்கள். 1410இல் செய்தது. அதில் ஒரு வளையம் பழைய பொஹீமிய (செக்) நேரம் காட்டுகிறது: சூரியன் மறைவதிலிருந்து 24 மணி எண்ணும் முறை. நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். உள்ளே இருக்கும் சின்ன வளையத்தில் பன்னிரண்டு ராசிகளும் இருக்கின்றன. ஏப்ரல் முதல் வாரத்தில் போனபோது சூரியன் மேஷத்தில் நின்றது. நம் பஞ்சாங்கப்படி அப்போது பங்குனி, சூரியன் மீனத்தில் இருக்க வேண்டுமே? கடிகாரத்தில் தவறில்லை. அவர்கள் சம இரவு நாளிலிருந்து மேஷத்தைத் தொடங்குகிறார்கள், நாம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறோம். வித்தியாசம் மூன்று வாரத்துக்கு மேல். இதை அங்கே நின்று கண்ணால் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் சீடர்கள் ஊர்வலத்தில் கிடைக்கவில்லை.

கடிகாரம் இருக்கிற பழைய நகரச் சதுக்கத்தில், அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டில், தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21இல், அப்போது நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் தன்னை எதிர்த்ததற்காகத் தலைவெட்டியும் தூக்கிலிட்டும் கொன்ற 27 பேரின் நினைவு. கூட்ட நேரத்தில் அதன் மேல் நின்றுதான் எல்லாரும் கடிகாரத்தைப் படம் எடுப்பார்கள்.

கோட்டைக்கு எப்போது போவது?

உள்ளே எல்லாம் பார்க்க அரை நாள் வேண்டும். அது உங்களிடம் இல்லை. கட்டடங்கள் கோடையில் ஐந்து மணிக்கும் குளிர்காலத்தில் நாலு மணிக்கும் மூடிவிடும். ஆனால் வளாகம் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும், நடக்கக் கட்டணம் இல்லை. 22ஆம் எண் டிராமில் ஏறி போஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் மலை ஏற வேண்டாம். அங்கிருந்து இறக்கமாகவே கோட்டை வழியாக ஆற்றுக்கு வந்துவிடலாம். கீழேயிருந்து படியேறிப் போவேன் என்கிறவர்கள் முழங்காலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புனித வீட்டஸ் தேவாலயம் 1344இல் தொடங்கி 1929இல் முடிந்தது. நம் ஊர் மேம்பால வேலைகளைப் பற்றி இனி நான் புகார் சொல்வதில்லை.

கோட்டைக்குள் ‘தங்கச் சந்து’ என்று பொம்மை வீடுகள் மாதிரி ஒரு வரிசை. 22ஆம் எண் நீல வீட்டில் 1916 முதல் 1917 வரையான குளிர்காலத்தில் எழுத்தாளர் காஃப்கா எழுதிக்கொண்டிருந்தார். தங்கை வாடகைக்கு எடுத்த வீடு. அவரும் நம்மைப் போல ஆபீஸ் போனவர்தான், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸ் முடியும். மாலையில் இங்கே வந்து எழுதிவிட்டு, இரவு இறங்கி நடந்து வீட்டுக்குப் போவார்.

அரை நாள் மட்டும் சும்மா கிடைத்தால் எங்கே போகலாம்?

யோசெஃபோவ், பழைய யூதர் பகுதி. பிங்காஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில் நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் பெயர், குடும்பப் பெயர், அப்புறம் ஒவ்வொருவராக. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் சாம்பல் நிறப் பூவேலை மாதிரி இருக்கும், கிட்டே போனால்தான் எழுத்து. நான் ஒரு குடும்பத்தை மட்டும் படித்தேன். ஐந்து பேருக்கும் கடைசித் தேதி ஒன்றே. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் அடுக்கடுக்காகப் புதைத்ததால் சுமார் 12,000 கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. சனிக்கிழமை மூடியிருக்கும். வார நாளில் வேலைக்காகப் போகிற நமக்கு அது வசதிதான்.

கருத்தரங்கு பிராக் காங்கிரஸ் சென்டரில். ஊர் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறதே?

அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ நடையில் விஷெராட் என்ற பழைய கோட்டை மேடு. மதிய இடைவேளையிலேயே போய் வரலாம். மதில் மேல் நின்றால் ஆறும் நகரமும் காலடியில், கூட்டமும் இல்லை. அங்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெதனா, எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஆகியோர் இருக்கிறார்கள். கணினித் துறையினர் சாப்பெக்குக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். ‘ரோபோ’ என்ற சொல் 1920இல் அவர் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. சொல்லைக் கொடுத்தவர் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரோபோத்தா’ என்றால் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்யும் ஊழியம். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ அதே பொருள்தான். ரோபோவுக்குத் தமிழில் வெட்டியான் என்று பெயர் வைக்கலாமா என்று ஒரு நண்பரிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை.

சைவக்காரன் என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். மெனுவில் ‘பெஸ்மாசா யீட்லா’ என்று ஒரு தலைப்பு இருக்கும்: இறைச்சி இல்லாத உணவுகள். அதன் கீழே முதலில் வருவது ‘ஸ்மஷெனீ சீர்’. சீஸைத் தடியாக வெட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. உருளைக்கிழங்கோடும் வெள்ளை சாஸோடும் வரும். முதல் நாள் அமிர்தம், மூன்றாவது நாள் வெறுப்பு. மேல் பூச்சிலும் சாஸிலும் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்கிறவர்களுக்கு இது சரிவராது. உருளைக்கிழங்கு அடையான ‘ப்ரம்போராக்’கிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும், ஆனால் பூண்டு வாசனையோடு நன்றாக இருக்கும். பழம் வைத்து அவித்த கொழுக்கட்டை ‘ஓவொட்ஸ்னே க்னெட்லிக்கி’. இனிப்பு, ஆனால் அவர்கள் அதையே சாப்பாடாகச் சாப்பிடுவார்கள். பருப்பு ஏக்கம் வந்தால் ‘சொச்கா ந கிசெலோ’ என்ற புளிப்புப் பருப்பு. தொத்திறைச்சி இல்லாமல் கேட்டு வாங்க வேண்டும்.

சூப்பில் ஜாக்கிரதை. காய்கறி சூப் என்றாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். ஒரு தடவை இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியும் தட்டில் பன்றி இறைச்சித் துணுக்குகள் வந்தன. கேட்டால், “இது கொஞ்சம்தானே, ருசிக்காக” என்றார் பரிமாறியவர். மெனுவில் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்: ஹொவியெஸீ மாடு, வெப்ரொவே பன்றி, குரெட்ஸீ கோழி, ஸ்லானினா பன்றிக் கொழுப்புத் துண்டு, சாட்லோ பன்றி நெய். ஸ்விச்கொவா என்று பெருமையாகச் சிபாரிசு செய்வது மாட்டிறைச்சி.

வார நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை ‘பொலெட்னீ மெனு’ என்ற மதியச் சாப்பாடு விலை குறைவாகக் கிடைக்கும். தெருவுக்குத் தெரு விற்கும் ட்ர்டெல்னிக் என்ற சுருள் இனிப்பைப் பழைய பிராக் பலகாரம் என்பார்கள். நம்பாதீர்கள், சுற்றுலாவோடு பரவியது அது. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், குடிக்கலாம்.

வாடிக்கையாளர் பீர் குடிக்கக் கூப்பிடுவார். எனக்குப் பழக்கம் இல்லை. தவறாக நினைப்பாரா?

மாட்டார். உலகிலேயே தலைக்கு அதிகமாகப் பீர் குடிக்கும் நாடு அது, ஆனால் யாரையும் வற்புறுத்திப் பார்த்ததில்லை. கோஃபொலா கேளுங்கள். 1960இல் வந்த அவர்களின் சொந்த கோலா, மூலிகை வாசனை, குழாயிலிருந்து பிடித்துக் கொடுப்பார்கள். குடிக்கிறவர்களுக்கு: சில கடைகளில் கோப்பை காலியானதும் கேட்காமலே அடுத்தது வரும். போதும் என்றால் அடியில் வைக்கும் அட்டையைக் கோப்பை மேல் வையுங்கள். கோப்பைகளை மோதும்போது “ந ஸ்த்ராவி” என்று சொல்லி எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். மேஜையைப் பார்த்தபடி மோதினால் அதுதான் மரியாதைக் குறைவு.

ஆபீஸில் கவனிக்க வேண்டியது என்ன?

ஒன்பது என்றால் ஒன்பது. லிஃப்டில் ஏறினாலும் முன்பின் தெரியாதவருக்கும் “தொப்ரீ தென்” சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். பதினொன்றரைக்கே மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புவார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் முக்கியமான எதையும் வைக்காதீர்கள், கிராமத்து வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார்கள். வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். செக்கில் ஆமாம் என்பதற்கு ‘அனோ’. அதைச் சுருக்கி ‘நோ’ என்பார்கள். எங்கள் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய மேலாளர் போனில் “நோ, நோ, நோ... நோ” என்றபோது என் மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலையே ஆர்டர் கையெழுத்தானது.

ஒரு முழு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வேறு ஊர் போகலாமா?

குத்னா ஹோரா. ரயிலில் ஒரு மணி நேரம். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். 1300 முதல் பிராக் க்ரோஷென் என்ற வெள்ளிக் காசு அங்கேதான் அடித்தார்கள். மனித எலும்புகளால் அலங்கரித்த செட்லெட்ஸ் சிற்றாலயம் பிரபலம், படம் எடுக்க இப்போது அனுமதி இல்லை. எனக்கு அதைவிடப் புனித பார்பரா தேவாலயம் பிடித்தது. வியன்னாவுக்கு ரயிலில் நாலு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் ரயிலைத்தான் பார்த்திருப்பீர்கள்.

தமிழுக்கும் பிராகுக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு. தமிழறிஞர் கமில் சுவலபில் 1927இல் பிராகில் பிறந்தவர். அங்கேயே தமிழ் கற்றுச் சங்க இலக்கியம் வரை ஆழ்ந்தவர். 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். பின்னாளில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2009இல் காலமானார். அவருக்குப் பின் யாரொஸ்லாவ் வாசெக் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். இதை அங்கே மீட்டிங்கில் சொன்னால் அவர்களுக்கே ஆச்சரியம். செக் மொழியில் ‘ர்ஷ்’ என்பது போல ஒரு எழுத்து உண்டு, வெளியாட்கள் யாருக்கும் சரியாக வராது. பதிலுக்கு நான் ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வேன். கணக்கு சரியாகிவிடும்.

வீட்டுக்கு என்ன வாங்கி வருவது?

பொஹீமியக் கண்ணாடி அழகு, ஆனால் கனம். பெட்டியில் உடையாமல் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கார்னெட் கல் நகையில் போலி அதிகம். நான் வாங்குவது கோஹினூர் பென்சில். செக் கம்பெனி, 1790இல் தொடங்கியது. பெயர் மட்டும் நம் வைரத்துடையது. ஒரு டப்பா வாங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரை கொடுக்கலாம், கைப்பையிலேயே அடங்கிவிடும். என் மகள் கடைசி டப்பாவை முடிக்கப் போகிறாள், அடுத்த மீட்டிங் எப்போது என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.